துக்கப் பந்தலில் ஒரு செராமா

லோரி எங்கள் வாசலில் வந்து நின்றபோது மழை விட்டிருந்தது. கூரை ஓரத்தில் மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பின்பலகையைத் திறந்ததும் முதலில் பெண்கள் இறங்கினார்கள். எல்லாரும் ஆத்தோரத் தோட்டத்துப் பெண்கள். தலை வாரவில்லை, பூ வைக்கவில்லை. ஒருத்தி கையில் வாழையிலையில் சுற்றிய மாலை இருந்தது.

நான் வடைத் தட்டோடு வாசற்படியில் நின்றிருந்தேன். தேர்தல் கூட்டத்துக்கு இவ்வளவு பெண்கள் வருவார்கள் என்று நான் எண்ணவே இல்லை. சந்தோஷத்தில் ஒரு படி இறங்கினேன்.

அஞ்சலை அக்கா ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். தட்டு சாய்ந்து வடைகள் சேற்றில் உருண்டன.

"போயிட்டாரா தங்கச்சி? ஒரு வார்த்த சொல்லி அனுப்பக் கூடாதா? பஸ்காரன் சொல்லியா நாங்க தெரிஞ்சுக்கணும்?"

"யாருக்கா போயிட்டாரு?"

"ஒன் வீட்டுக்காரருதான்!"

"அவரு குளிக்கிறாரு" என்றேன்.

நான் அழுகையில் ஏதோ உளறுகிறேன் என்று நினைத்திருப்பார். என்னை இன்னும் இறுக்கிக்கொண்டார். பின்னால் வந்த பெண்கள் பந்தலுக்குள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள். உள்ளே குளியலறையில் என் வீட்டுக்காரர் தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்றும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

எதையும் அதனதன் இடத்தில் வைத்துப் பழகியவள் நான். டைரியில்கூட அன்றன்று நடந்ததை வரிசை மாறாமல் எழுதுவேன். ஆனால் அந்த மாலையை மட்டும் எங்கிருந்து தொடங்கி எழுதுவது என்று தெரியாமல், "மழை. கூட்டம்." என்று இரண்டு சொற்களோடு விட்டிருக்கிறேன். இப்போது முயன்று பார்க்கிறேன்.

இரண்டு பந்தல்கள்

எங்கள் தொழிலைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோலா சிலாங்கூரிலிருந்து ஜெராம் வழியாகக் கிள்ளானுக்குப் போகும் சாலையோரம் எங்கள் வீடு. பின்கட்டில் கிடங்கு. பந்தல், நாற்காலி, பெரிய பாத்திரங்கள், ஒலிபெருக்கி ஆகியவற்றை வாடகைக்கு விடுவோம். சுற்றியுள்ள தோட்டங்களில் கல்யாணம், காதுகுத்து, திருவிழா, சாவு எது நடந்தாலும் எங்கள் லோரிதான் போகும்.

எல்லாமே இரண்டு செட். நல்ல காரியத்துக்கு நீலமும் வெள்ளையும் கோடு போட்ட கான்வாஸ், சிவப்புச் சாயம் அடித்த மர நாற்காலிகள். துக்கத்துக்குப் பழுப்புக் கான்வாஸ், சாயம் அடிக்காத நாற்காலிகள். இரண்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டக் கூடாது. கிடங்கின் நடுவே தகரத்தால் தடுப்பு வைத்து, தனித்தனிக் கதவு போட்டிருந்தேன். கரண்டிகளைக்கூட நான் கலக்கவிட்டதில்லை.

ஒரே ஒருமுறை கலந்துவிட்டது. ஜெராமில் ஒரு கல்யாணம். சிவப்பு நாற்காலிகளுக்கு நடுவில் சாயம் அடிக்காத நாற்காலி ஒன்று போய்ச் சேர்ந்திருக்கிறது. அதில் போய் உட்கார்ந்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். யாரோ பார்த்துச் சொன்னதும் மனிதர் நெருப்பை மிதித்தவர்போல் துள்ளி எழுந்தார். நாற்காலியை மஞ்சள் தண்ணீரில் கழுவி, மாமனையும் குளிக்கவைத்த பிறகே தாலி கட்டினார்கள்.

எங்கள் பக்கத்தில் அந்தப் பழுப்புக் கான்வாஸைத் தெரியாதவர்கள் கிடையாது. அதை ஏற்றிய லோரி எந்தச் சந்தில் திரும்புகிறது என்பதைப் பார்த்தே, எந்தத் தோட்டத்தில் சாவு என்று கடைவீதியில் சொல்லிவிடுவார்கள்.

பாரிட்டைத் தாண்டி

என் வீட்டுக்காரர் பெருமாளுக்கு அரசியல் ஆசை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியாது. பத்திரிகையில் அவர் முதலில் படிப்பது மரண அறிவிப்புகளைத்தான். அது தொழில்.

அவரை இழுத்துவிட்டது ஒரு இடுகாட்டுப் பாதை. ஆத்தோரத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருப்பின் கடைசி லயத்தைத் தாண்டினால் செம்பனைக்கு நடுவே ஒரு மண் தடம். அதன் குறுக்கே பெரிய பாரிட், அதாவது வடிகால் வாய்க்கால். அதன்மேல் இரண்டு தென்னங்கட்டைகள். அதற்கு அப்பால்தான் இடுகாடு. மழைக்காலத்தில் பெட்டியைத் தூக்குபவர்களின் முழங்கால் வரை சேறு ஏறும்.

அஞ்சலை அக்காவின் கணவரைத் தூக்கிப்போன அன்று முன்னால் போனவரின் கால் கட்டையில் வழுக்கியது. பெட்டி பாரிட்டுக்குள் போய்விட்டது. பந்தலைப் பிரிக்கப் போயிருந்த என் வீட்டுக்காரர் சட்டையோடு குதித்து, தண்ணீர் பெட்டியை இழுத்துக்கொண்டு போகாமல் மார்போடு அணைத்துப் பிடித்திருக்கிறார். வீட்டுக்கு வந்தவர் அன்று சாப்பிடவில்லை. சட்டையைத் துவைக்கவும் விடவில்லை, எரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு அலுவலகமாக ஏறினார். தோட்டத்து அலுவலகத்தில் தலைமை எழுத்தரான பெரிய கிராணி, "பாரிட் கவர்மெண்டோடது" என்றார். அரசாங்க அலுவலகத்தில், "நிலம் தோட்டத்துடையது" என்றார்கள். ஒய்.பி. என்று எல்லாரும் அழைக்கும் சட்டமன்ற உறுப்பினரைப் பார்த்தார். அவர் தோளில் தட்டி, "பார்ப்போம்" என்றார்.

தேர்தல் அறிவித்ததும் எங்கள் பக்கத்துக் கட்சிப் பிரமுகர் நாகலிங்கம் வழக்கம்போலப் பந்தலுக்குச் சொல்ல வந்தார். சட்டமன்ற உறுப்பினருக்கு வலதுகை மாதிரி. எங்களுக்குப் பழைய வாடிக்கையாளர். பிரசாரம் முடியும்வரை நல்ல செட்டு முழுவதும் தங்களுக்கு வேண்டும் என்றார். இவர் சரி என்று சொல்லிவிட்டு, பாதைப் பேச்சை எடுத்தார்.

நாகலிங்கம் சிரித்தார். "எப்பப் பாத்தாலும் இதே பாட்டுதானாண்ணே? அவ்வளோ அக்கறைன்னா நீங்களே நில்லுங்க லா!"

கேலியாகச் சொன்னதுதான். இவர் அதை ஒரு யோசனையாக எடுத்துக்கொண்டார்.

எந்தப் பக்கம்?

சுயேச்சை வேட்பாளர். சின்னம் சாவி. கடைத்தெருவில் அவரைக் கண்டவர்கள் எல்லாம், "சாவி இருக்கு, பூட்டு எங்கண்ணே?" என்று கேட்டார்கள். அவரும் முதல் நாள் சிரித்தார். பிறகு வேறு வழியாகப் போகப் பழகிக்கொண்டார்.

"மொதல்ல அவங்க புக்கிங்க வேணாம்னு சொல்லிடுங்க" என்றேன்.

"வாங்குனதத் திருப்பிச் சொல்றதா? நாளைக்கு எவன் நம்மள நம்பிக் கல்யாணத் தேதி வப்பான்?"

ஆக, காலையில் தமக்கு ஓட்டுக் கேட்டு வீடு வீடாகப் போவார். மத்தியானம் எதிராளியின் கூட்டத்துக்குப் பந்தல் போடுவார். ஆள் பற்றாக்குறை என்பதால் தாமே முளை அடிப்பார். பார்க்கிறவர்கள், "நீங்க எந்தப் பக்கம்ணே?" என்று கேட்டால், "கயித்த இழுத்துப் புடிங்க, சொல்றேன்" என்பார். அவரைப் பார்த்து எனக்குப் பெருமையா எரிச்சலா என்று அப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இடையில் ஒரு நாள் ஜெராமில் வெயில் தாளாமல் மயங்கி விழுந்துவிட்டார். பக்கத்தில் நின்ற மீன் லோரியில் பெட்டிகளுக்கு நடுவே படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். முகத்தில் வெயில் படாமலிருக்க ஒரு துண்டை மூடியிருக்கிறார்கள். வழியில் அதைப் பார்த்தவர்கள் பலர். மருத்துவர் ஓய்வு எடுக்கச் சொன்னார். வீட்டில் இரண்டு நாள் படுத்திருந்தார்.

அதற்கு அடுத்த நாள்தான் எங்கள் கூட்டம். அந்தக் காலத்தில் திடலில் கூட்டம் போட அனுமதி கிடையாது. வீட்டு வளாகத்துக்குள் போலீஸ் அனுமதியோடு நடத்தும் கூட்டத்துக்குத்தான் செராமா என்று பெயர். எங்கள் வாசலில் நடத்துவதென்று முடிவானது. ஆனால் நல்ல பந்தல் எதிராளியிடம் இருந்தது.

"பழுப்புப் பந்தலா? நம்ம வாசல்லயா?" என்றேன்.

"கலர் கடுதாசி கட்டிட்டா யாருக்குத் தெரியப்போவுது?"

மஞ்சளும் ரோஜா நிறமுமாகக் காகிதத் தோரணம் கட்டினோம். பகலில் பெய்த மழையில் சாயம் கரைந்து நாற்காலிகளில் ஒழுகியது. அலங்கோலத்தைப் பார்க்கப் பொறுக்காமல் நான்தான் தோரணத்தை அறுத்து எடுத்தேன். கிள்ளான் பஸ்கள் எங்கள் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தன. மீன் லோரியில் துண்டு மூடிப் படுத்திருந்த மனிதரின் வீட்டு வாசலில் பழுப்புப் பந்தல். பஸ்ஸில் இருப்பவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? அப்போது எனக்கு அது தோன்றவே இல்லை.

அன்று காலை நாகலிங்கம் வந்ததையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இடுகாட்டுத் தடத்தில் முந்தின நாளிலிருந்து கல் கொட்டுகிறார்கள் என்ற செய்தியோடு வந்தார்.

"பாரிட் வரைக்கும் வந்துரும்ணே. அதுக்கு அந்தாண்ட போவணும், பாலம் வேணும்னா, இன்னைக்கு செராமாவுல ஒதுங்கிக்கிறேன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. பேரு சீட்டுல இருந்துட்டுப் போவட்டும். ஒங்க வாயால சொன்னாப் போதும்."

இவர், "கூட்டத்துக்கு வா தம்பி" என்று மட்டும் சொன்னார்.

நாகலிங்கம் போனதும் நான் கேட்டேன். "நமக்கு வேண்டியது பாததானே? குடுக்குறேன்னு சொல்றாங்க. சொல்லிட்டுப் போங்களேன்."

"பாதிப் பாதைய வச்சிக்கிட்டு என்னா பண்றது?"

"மீதியத்தான் தர்றேங்கிறாங்களே!"

அவர் ஒலிபெருக்கி ஒயரைச் சுருட்டத் தொடங்கினார். ஒதுங்கப் போகிறாரா, நிற்கப் போகிறாரா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

"சியாப்பா மாத்தி?"

ஒப்பாரி உச்சத்துக்குப் போன நேரத்தில் என் வீட்டுக்காரர் ஈரத்தலையும் பனியனுமாக வாசலுக்கு வந்தார். "என்னா சத்தம்? யாரு வீட்ல?" என்று கேட்டார்.

ஒரு பெண் அலறிக்கொண்டு லோரிக்கே ஓடினாள். அஞ்சலை அக்கா மட்டும் பக்கத்தில் போய் அவர் கையைக் கிள்ளிப் பார்த்தார். அவர் "ஆ!" என்றதும் முதுகில் ஒரு போடு போட்டார்.

"பாவி மனுசா! உயிரோட இருந்துக்கிட்டு எதுக்குய்யா இந்தப் பந்தலு?"

விஷயம் தெரிந்த கணமே பந்தல் காலியாகிவிட்டது. சாவு இருந்தால்தான் அந்தக் கான்வாஸுக்குக் கீழே உட்காரலாம். இல்லாதபோது உட்கார்ந்தால் வரவழைத்ததாக ஆகிவிடும். எல்லாரும் வெளியே வந்து, பந்தலைச் சுற்றித் தூறலில் நின்றார்கள்.

யாரும் வீட்டுக்குத் திரும்பவும் இல்லை. புக்கிட் ரோத்தான் பக்கத்திலிருந்து இன்னொரு லோரி வந்தது. மோட்டார் சைக்கிள்கள் வந்தன. வந்தவர்கள் முதலில் அழுதார்கள். பிறகு கோபப்பட்டார்கள். அப்புறம் அடுத்து வருகிறவர்கள் அழுவதைப் பார்க்க நின்றுவிட்டார்கள்.

மாலைகளை என்ன செய்வது என்றுதான் ஒருவருக்கும் புரியவில்லை. சாவுக்கு வாங்கியதை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. உயிரோடு இருப்பவர் கழுத்தில் போடவும் கூடாது. ஒவ்வொருவராக எங்கள் வேலியில் மாட்டினார்கள். இடம் போதாமல் கீழேயும் குவிந்தது.

கூட்டத்தைக் கண்காணிக்கச் சாதாரண உடையில் வந்திருந்த மலாய்க்காரப் போலீஸ் அதிகாரி என் பக்கம் வந்தார். குரலைத் தாழ்த்தி மரியாதையோடு, "சியாப்பா மாத்தி?" என்று கேட்டார். யார் செத்தது என்று அர்த்தம்.

பதற்றத்தில் என் வாயில் வந்த ஒரே மலாய்ச் சொல், "பெலும்". இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டேன்! அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஏதோ எழுதிக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் சட்டை போட்டுக்கொண்டு வந்து ஒலிவாங்கியைப் பிடித்தார். அந்தப் பெரிய பந்தலுக்குக் கீழே அவர் ஒருவர்தான். சுற்றிலும் காலி நாற்காலிகள். எதிரே இருந்த டயர் கடைப் பக்கம் நாகலிங்கம் குடையோடு நிற்பதை நான் பார்த்தேன். என் வீட்டுக்காரரும் பார்த்தார்.

"எல்லாரும் எனக்காகத்தான் வந்திருக்கீங்க" என்று தொடங்கினார். "நன்றி சொல்றதா, மன்னிச்சிருங்கன்னு சொல்றதா தெரியல. சரி, நான் செத்துட்டேன்னே வச்சுக்குவோம்."

"வாயக் கழுவுங்கண்ணே!" என்றது ஒரு குரல்.

"வச்சுக்குவோம்ங்கிறேன். எங்கப்பா அம்மா ஆத்தோரத் தோட்டத்துலதான் கெடக்குறாங்க. என்னையும் அங்கதான் கொண்டுபோவணும். எப்படிப் போவீங்க?"

"கல்லு கொட்டுறாங்கல்ல!" என்றார் ஒருவர்.

"பாரிட் வரைக்கும்தான லா!"

"அதுக்கு அந்தாண்ட?"

"அதுக்கு அந்தாண்ட அவரே நீஞ்சிப் போயிருவாரு!"

சிரிப்பு வெடித்தது. ஆனால் பேச்சு நிற்கவில்லை. இவர் உடம்புக்கு எத்தனை பேர் வேண்டும், முன்பக்கம் யார் பிடிப்பது, கட்டையில் யார் முதலில் கால் வைப்பது என்று ஆண்கள் நிஜமாகவே வாதாடத் தொடங்கினார்கள். அஞ்சலை அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "முன்னால போறவன் செருப்பக் கழட்டிட்டுப் போவணும்" என்றார்.

என் வீட்டுக்காரர் கூட்டத்தை ஒருமுறை முழுவதுமாகப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பார்வையை அதற்குமுன் நான் கண்டதில்லை. "அவ்ளோதான்" என்று சொல்லி ஒலிவாங்கியை அணைத்தார்.

நாகலிங்கம் வேகமாக வந்தார். "ஒதுங்குறதப் பத்திச் சொல்லவே இல்லியேண்ணே?"

"சொல்லத்தான் வந்தேன் தம்பி. இவ்ளோ பேரப் பாத்ததும் மறந்துபோச்சு."

உண்மையிலேயே மறந்தாரா? இவ்வளவு காலம் கழித்தும் எனக்குத் தெரியவில்லை. பாதைக்காக நின்றவருக்கு, அந்தச் சில நிமிடங்களில் ஜெயிக்கவும் ஆசை வந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். அப்படிப் பார்த்தால் பாலம் கைவிட்டுப் போனது என்னும் கோபம் எனக்கு வந்திருக்க வேண்டும். கோபமும் வரவில்லை. ஆறிப்போன தேநீரைக் கொட்டிவிட்டு, நாற்காலிகளை அடுக்கினேன்.

கல்

மறுநாள் கல் லோரிகள் நிற்கவில்லை. அதற்கடுத்த நாள் இன்னும் கூடுதலாக வந்தன. பாரிட்டின்மேல் தடித்த மரச் சட்டங்களை இறக்கி, பலகை அடித்துப் பாலம் போட்டார்கள். வாக்களிப்பு நாளுக்குள் இடுகாட்டு வாசல் வரை கல் பரப்பி உருளையும் ஓட்டிவிட்டார்கள்.

ஒதுங்கவில்லை என்றால் பாலம் இல்லை என்றவர்கள், ஒதுங்காதவருக்கு ஏன் பாலம் போட வேண்டும்? தேர்தல் முடிந்து பந்தலைத் திருப்பித் தர வந்த நாகலிங்கத்திடமே கேட்டேன்.

"எல்லாம் ஒங்க வேலியாலதான் அண்ணி" என்றார். "மறுநா காலையில எங்காளு ஒருத்தன் பஸ்ஸுல போவயில பாத்துட்டான். வேலி ஒசரத்துக்கு மாலைன்னு ஒய்.பி. கிட்டப் போய்ச் சொல்லிட்டான். கூட்டமும் ரோடு கொள்ளாம நின்னுச்சா? பெருமாளு ஜெயிச்சிருவான்னு பயந்துட்டாங்க. சாவுக்கு வந்த மாலைன்னு நான் சொல்லச் சொல்ல யாரும் நம்பல."

ஆனால் அவர் ஜெயிக்கவில்லை. சாவிக்கு விழுந்த ஓட்டு சொல்லிக்கொள்ளும்படி இல்லை, கட்டிய வைப்புத்தொகையும் போனது. ஆத்தோரத் தோட்டத்திலேயே கொஞ்சம்தான் விழுந்தது. அஞ்சலை அக்காவிடம் ஏன் என்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"ரோடுதான் வந்திருச்சே தங்கச்சி. இனிமே அவரு அங்க போய்க் குந்தி என்னா செய்யப்போறாரு? நாளைக்கு எங்க வீட்ல ஒண்ணுன்னா கெமா அடிச்சு நாக்காலி போட யாரு வருவா?"

அதைக் கேட்டு அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டில் வந்து சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். தோற்ற துக்கம் என்று நினைத்துக்கொண்டு சில நாட்கள் அவருக்குப் பிடித்ததாகச் சமைத்துப் போட்டேன்.

கல் பாதையில் முதலில் போனது கடைசி லயத்துக் கிழவர் ஒருவருடைய சவ வண்டி. பந்தல் கணக்கைப் பார்க்க நானும் போயிருந்தேன். பெண்கள் நாங்கள் வழக்கப்படி பாலத்துக்கு முந்தின திருப்பத்தோடு நின்றுவிட்டோம். என் வீட்டுக்காரர் ஆண்களோடு போகாமல் என் பக்கத்தில் நின்றார். வண்டி ஆடாமல் அசையாமல் பாலத்தின்மேல் ஏறியது. அஞ்சலை அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ யாருக்குப் போட்ட?" என்று என் வீட்டுக்காரர் என் காதருகே கேட்டார்.

"இது என்னா கேள்வி? சாவிக்குத்தான்."

"ஓ" என்றார். "அன்னைக்குக் காலையில ஓட்டுப் போடப் போறதுக்கு முன்னால இங்க வந்து பலகைய மிதிச்சுப் பாத்தேன். ஒய்.பி. நல்லாத்தான் போட்டிருந்தான். அதான், நான் அவனுக்கே போட்டுட்டேன்."

நான் அவர் பக்கம் திரும்பினேன். சுற்றிலும் அழுதுகொண்டிருக்கும் பெண்கள், எதிரே சவ வண்டி. குரலை உயர்த்தி ஒரு வார்த்தை கேட்க முடியாத இடமாகப் பார்த்துத்தான் மனிதர் அதைச் சொல்லியிருக்கிறார்.